டிசம்பரில் நிலாவெளி போகிறோம், புறாமலைத் தீவுக்குப் போக முடியுமா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் வருகிறோம். நான், கணவர், எட்டு வயதுப் பையன், அப்புறம் மாமனார், மாமியார். இலங்கையில் திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் பல வருட ஆசை, பயணமே அதற்காகத்தான். அரையாண்டு லீவில், டிசம்பர் கடைசியில், அதற்குப் பக்கத்து நிலாவெளியில் மூன்று நாள் தங்கலாம் என்று இருக்கிறோம். அங்கிருந்து படகில் புறாமலைக்குப் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம் என்று சொன்னதிலிருந்து பையனுக்கு அதே பேச்சு. நீச்சல் தெரியும், ஆனால் நீச்சல் குளத்தில் மட்டும்தான் நீந்தியிருக்கிறான். அங்கே சுறா உண்டு என்கிறார்களே, பயமில்லையா? பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

திருமலைக்காரன்:
தங்கச்சி, டிசம்பரில் வேண்டாம். அது வாடைக்காற்றுக் காலம். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை எங்கள் பக்கத்துக் கடல் எழும்பிக்கொண்டே இருக்கும், மழையும் பெய்யும். இடையில் ஒரு நாள் படகு ஓடினாலும் தண்ணீர் கலங்கி, உள்ளே ஒன்றும் வடிவாகத் தெரியாது. டிசம்பரில் சீசன் என்பது காலி, ஹிக்கடுவைப் பக்கத்துக் கதை. அதை இலங்கை முழுவதற்கும் என்று எடுத்துக்கொண்டு இங்கே வந்து, அறைக்குள் இருந்து மழையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் கஷ்டமாக இருக்கும். எங்களுக்குச் சித்திரை முதல் புரட்டாசி வரை நல்ல காலம். மே மாதம் பையனுக்கு லீவுதானே, அப்போது வாருங்கள். வெயில் கடுமைதான், ஆனால் காலையில் கடல் குளம் போலக் கிடக்கும்.

தீவு கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டர், படகில் பத்துப் பதினைந்து நிமிடம். பெரிய புறாமலை, சின்னப் புறாமலை என்று இரண்டு இருக்கின்றன, ஆட்கள் இறங்குவது பெரியதில். பெரியது என்றாலும் 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், அவ்வளவுதான். மாடப்புறாக்கள் அந்தப் பாறைகளில் கூடு கட்டுவதால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் அந்தத் தீவைக் குறிவைத்துச் சுட்டுப் பழகினார்கள். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. அதனால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட் எடுக்காமல் போக முடியாது, வெளிநாட்டவருக்குக் கட்டணமும் கூட. படகுக்கூலி தனி. அதை ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் படகுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போனால் செலவு குறையும்.

சுறாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். துடுப்பு நுனி கறுத்த சின்ன வகை. ஆளைக் கண்டால் அதுதான் விலகி ஓடும். வெள்ளென, கூட்டம் வருமுன் இறங்கினால் பையனுக்கு அதைக் காணும் அதிர்ஷ்டம் கிடைக்கலாம். துரத்திப் போகாமல், சத்தம் போடாமல் மிதந்தபடியே பார்க்கச் சொல்லுங்கள்.

சோழிங்கநல்லூர் பவி:
போன ஜூனில் போனோம். பெரியவர்கள் விஷயத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் தப்புப் பண்ணினேன். அப்பாவையும் கூட்டிப் போய்விட்டேன், அவருக்கு எழுபது வயது. இறங்கும்போது முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டும், ஒரு பக்கக் கரை முழுக்க உடைந்த பவளத் துண்டுகள், செருப்போடு நடந்தாலே கால் பிரளும். நிழல் கொஞ்சம்தான், கடை எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்திலேயே களைத்துப்போனார், பாவம். அவரை நிலாவெளியிலேயே ஒரு மர நிழலில் விட்டிருக்கலாம். அங்கே கரை அருமை, ஆழமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். கோணேசர் கோயிலுக்குச் சாயங்காலம் போங்கள். கோட்டைக்குள்ளே மான்கள் சாதாரணமாகத் திரியும், மேலே பாறை உச்சியில் கோயில், கீழே கடல். உங்கள் மாமியாருக்கு அது போதும்.

உப்புவெளிப் பிள்ளை:
பவி அக்கா சொன்ன அந்த உடைந்த துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பவளத்தை நாங்கள் முருகைக்கல் என்போம். அது கல் இல்லை, உயிர். 1998இல் கடல் சூடேறி இலங்கையில் பல இடங்களில் முருகைக்கல் வெளுத்துச் செத்தபோது புறாமலை பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பியதை இப்போது கால் மிதித்து உடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, மூச்சு வாங்க என்று அதன் மேலேயே ஏறி நின்றவர்களை நானே எண்ணினேன், பத்துப் பேருக்கு மேல். கூட்டி வந்த படகுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு சொல் சொல்லவில்லை. பாறை மாதிரி உருண்டு வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஒரு காலடியில் போவது உங்கள் பையனின் வயதைவிடப் பெரியதாக இருக்கும்.

ஆகவே அவனுக்கு உயிர்காப்புச் சட்டை போட்டே இறக்குங்கள், மிதந்துகொண்டிருந்தால் காலை ஊன்றத் தோன்றாது. வெயிலுக்குக் கிரீமைவிட முழுக்கைச் சட்டை நல்லது. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களைத் தவிருங்கள், கூட்டம் தாங்காது.

வைகைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசி மே மாதத்துக்கு மாற்றிவிட்டோம். மாமனாரும் மாமியாரும் கரையிலேயே இருப்பார்கள், அவர்களுக்கும் அதுதான் சந்தோஷம். கடைசியாக ஒன்று, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அங்கே வாடகைக்குக் கிடைக்குமா?

திருமலைக்காரன்:
கிடைக்கும். ஆனாலும் பையனுக்கு மதுரையிலேயே வாங்கிக்கொண்டு வாருங்கள். கடையில் வாரைப் போடாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தாலும் அது விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் சரியான அளவு. பிறகு அவன் பழகிய அதே குளத்தில் ஒரு மாதம் குழாயால் மூச்சு விட்டுப் பழகட்டும். இங்கே வந்து முதல் தடவை குழாயைக் கடித்தால் பாதி நேரம் உப்புத் தண்ணீர் குடிப்பதிலேயே போய்விடும்.