பீடி ஆஸ்பத்திரி இனாமா? ஆயிரத்துக்கு 5 ரூபாய் யார் காசு?

முக்கூடல் மகள்:
மகளிர் உரிமைத்தொகை பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் பாவூர்ச்சத்திரம் கணக்கர் அண்ணாச்சி நேற்று எழுதியது இது: “பீடி சுற்றுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி இனாம், கண்ணாடி இனாம், பிள்ளைகள் படிப்புக்குப் பணம் இனாம். வீட்டு நிழலில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே செய்கிற வேலைக்கு எதற்கு இவ்வளவு?” படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அண்ணாச்சி, இனாம் என்ற சொல்லை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிக்கு ஒரு சட்டம் வந்தது. அந்த நிதிக்குத் தீர்வை வாங்க இன்னொரு சட்டமும் கூடவே வந்தது. சுற்றி முடித்த பீடிக்கு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று தீர்வை. கடைசியில் அது 5 ரூபாயாக இருந்தது. முக்கூடலில் மத்திய அரசின் பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி இருப்பது அந்த நிதியால்தான். என் அம்மா ஒரு நாளைக்கு 800 பீடி சுற்றுவாள். அவள் விரலிலிருந்து தினம் 4 ரூபாய் போயிருக்கிறது. இனாமா அது?

பாவூர்ச்சத்திரம் கணக்கர்:
தங்கச்சி, கோபத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். 31 வருஷம் பேரேடு எழுதினவன் நான். தீர்வையைக் கட்டியது கம்பெனி. உங்கள் அம்மாவின் கூலிச் சீட்டில் அந்த 5 ரூபாய் பிடித்தம் என்று ஒரே ஒரு வரி காட்டுங்கள், இனாம் என்று சொன்னதற்கு இதே இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

முக்கூடல் மகள்:
கம்பெனி எந்தப் பணத்தில் கட்டியது? முதலாளி சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரா? அம்மா இலை வெட்டினாள், தூள் போட்டாள், சுருட்டினாள், நூல் கட்டினாள். அவள் ஆயிரம் முடித்தால்தான் அந்த 5 ரூபாய். அவள் காய்ச்சலில் படுத்த அன்று தீர்வையும் படுத்துக்கொண்டது. பிறகு யார் காசு அது?

பாவூர்ச்சத்திரம் கணக்கர்:
கூலிச் சீட்டு கேட்டேன். வரவில்லை.

மேலப்பாளையம் லாத்தா:
நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று எழுதியவர் ஒரு வாரம் எங்கள் தெருவுக்கு வரட்டும். காலை நீட்டி, முதுகை வளைத்து, விடியற்காலை பஜ்ரிலிருந்து பொழுதடையும் மஃரிப் வரை உட்கார்ந்து பார்க்கட்டும். எங்கள் உம்மாவுக்கு 52 வயதில் தொழுகையில் குனிய முடியாமல் போய், நாற்காலி போட்டுத்தான் தொழுதார்கள். கையை எத்தனை தடவை கழுவினாலும் சோறு பிசைந்தால் கசக்கும். புகையிலைத் தூள் மூக்கு வழியாக மட்டும் போவதில்லை, தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்குகிறது. வேலை செய்கிற அறையில்தான் பச்சைப்பிள்ளைத் தொட்டிலும் தொங்குகிறது. ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்கிறார் பாருங்கள்.

பொருநைக்கரை:
எல்லாரும் கம்பெனி, கடை என்று ஏசுகிறீர்கள். என் அப்பா 22 வருஷம், கம்பெனிக்காக இலையும் தூளும் கொடுத்துச் சுற்றின பீடியை வாங்குகிற பீடிக்கடை நடத்தினார். சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுக்காமல் அவர் ஒரு வாரமும் வீட்டுக்கு வந்ததில்லை. கம்பெனிப் பணம் வரத் தாமதமான வாரம் அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கொடுத்தார். அதையும் யாராவது எழுதுங்கள்.

முக்கூடல் மகள்:
உங்கள் அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் நீங்களே கடைப் பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். என் அம்மா முதல் 12 வருஷம், சுற்றின பீடியைக் கடையில் எழுதிக்கொடுக்கிற பாஸ்புக் தன் பேரில் இல்லாமல், மாமியின் பாஸ்புக்கில் சுற்றினாள். கடைக்காரர் புதுப் பேர் சேர்க்கவில்லை. ஆள் கூடினால் பி.எஃப். கட்ட வேண்டுமே! அந்த 12 வருஷத்துக்கு அவள் பேரில் ஒரு காசு சேமநிதி கிடையாது, அடையாள அட்டை கிடையாது. ஆனால் அந்தப் பீடிக்கும் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று தீர்வை போனது. அட்டை இல்லாதவள் சுற்றிய பீடிக்கும் நிதியில் பங்கு உண்டு அண்ணாச்சி. அதை எந்தப் பேரேட்டில் எழுதினீர்கள்?

பொருநைக்கரை:
எந்தக் கடை அது? பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம். சும்மா பொத்தாம் பொதுவாகச் சேறு வீசாதீர்கள்.

முக்கூடல் மகள்:
பேர் சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகள் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள், கல்யாணம் காட்சிக்கு முகத்தில் விழிக்க வேண்டும். நடந்ததை நடந்தது என்கிறேன், அவ்வளவுதான்.

டவுண் குமாஸ்தா:
சட்டம் தெரியாமல் ஆளாளுக்கு எழுத வேண்டாம். 1966-ம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே, இலையும் தூளும் வாங்கி வீட்டில் வைத்துச் சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்று இருந்தது. கம்பெனிகள் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1974-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. அதனால் ‘வீட்டில் உட்கார்ந்து’ என்கிற பேச்சு ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே முடிந்துபோன பேச்சு.

இன்னொன்று. முந்தைய இழையில் முக்கூடல் மகள் ஆலங்குளம், கடையம், பாவூர்ச்சத்திரம் எல்லாவற்றையும் ‘எங்கள் திருநெல்வேலி மாவட்டம்’ என்று எழுதியிருந்தார். தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019 நவம்பர் 22. திருத்திக்கொள்ளவும்.

பாவூர்ச்சத்திரம் கணக்கர்:
நல்ல வேளை, நீங்களாவது சொன்னீர்கள் குமாஸ்தா. 2023 டிசம்பர் வெள்ளத்திலும் இதே கதைதான். திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் அதிகம் பாதித்த இடங்களுக்கு 6000 ரூபாய், தென்காசிக்கு 1000 ரூபாய். வாங்குகிறபோது தனி மாவட்டம், பெருமை பேசுகிறபோது மட்டும் நாங்கள் திருநெல்வேலியா?

மேலப்பாளையம் லாத்தா:
வெள்ளம் எந்த ஊரில் வீட்டுக்குள் வந்தது? உங்கள் ஊரிலா, எங்கள் ஆற்றங்கரையிலா? அன்றைக்கு எங்கள் தெருவில் இலையும் தூளும் தண்ணீரில் ஊறிப்போய், வாங்கின இலைக்குக் கணக்குக் கேட்டுக் கடையிலிருந்து ஆள் வந்தது. அப்போதும் இதே மாதிரிதான் ஆயிரம் ரூபாய்க் கணக்குப் பேசிக்கொண்டிருந்தீர்கள். மறக்கவில்லை.

முக்கூடல் மகள்:
குமாஸ்தா அண்ணாச்சி, மாவட்டம் பிரிந்தது எனக்கும் தெரியும். என் ஆத்தா ஊர் ஆலங்குளம் பக்கம். அவளுக்குத் திருநெல்வேலிதான். மாவட்ட எல்லையில் பீடி மாறுவதில்லை. விஷயத்துக்கு வாருங்கள். ஆயிரத்துக்கு 5 ரூபாய்.

அந்த 5 ரூபாய் இப்போது இல்லை என்பதைக் கணக்கர் வசதியாக விட்டுவிட்டார். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். பீடிக்கு 28 விழுக்காடு வரி, இலைக்கு 18. வரி எல்லாம் பொதுக் கஜானாவுக்குப் போனது. நல நிதிக்கென்று தனியாக எண்ணி வைத்த காசு நின்றது. அதற்குப் பிறகு மத்திய பட்ஜெட்டில் ஒதுக்குகிறதுதான். முன்பு அம்மா 800 சுற்றினால் 4 ரூபாய் அவளுக்கென்று போகும், எவரும் கைவைக்க முடியாது. இப்போது யாராவது மனசு வைத்து ஒதுக்க வேண்டும். உரிமையாக இருந்ததை நீங்கள் சொல்கிற இனாம் மாதிரி ஆக்கினது 2017. அதைத்தான் நாம் கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவளைப் பார்த்து இனாம் என்கிறீர்கள்.

பாவூர்ச்சத்திரம் கணக்கர்:
பார்த்தீர்களா, நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். 2017-க்குப் பிறகு பொது வரிப்பணம். அப்படியானால் இன்றைக்கு அது இனாம்தானே? நான் நேற்று எழுதியது இன்றைய நிலைமையைத்தான்.

முக்கூடல் மகள்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை! பீடியிலிருந்து 28 விழுக்காடு எடுத்துக்கொண்டு அதில் ஒரு துளியைத் திருப்பிக் கொடுத்தால் அது இனாமா? 2025 செப்டம்பரில் அந்த 28-ஐ 18 ஆகவும் இலைக்கு 18-ஐ 5 ஆகவும் குறைக்க ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு எடுத்தது. தொழிலாளிக்காக என்றுதான் பேச்சு. குறைத்ததில் ஆயிரத்துக்கு 5 ரூபாயை மறுபடி நிதிக்குத் திருப்பினால் என்ன? அதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

டவுண் குமாஸ்தா:
1976 சட்டத்தில் அது உற்பத்தியாளர் மேல் விழுந்த தீர்வை. அந்த வகையில் கணக்கர் சொல்வது சரி. ஆனால் செலவழிக்க வேண்டியது தொழிலாளி நலனுக்கு மட்டும்தான். அந்த வகையில் மகள் சொல்வது சரி.

முக்கூடல் மகள்:
இரண்டு பேருக்கும் சரி சொல்லி நல்ல பேர் வாங்க வேண்டாம் அண்ணாச்சி. யார் காசு? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்.

பாவூர்ச்சத்திரம் கணக்கர்:
உற்பத்தியாளர் மேல் விழுந்தது. குமாஸ்தாவே எழுதிவிட்டார். முடிந்தது.

பொருநைக்கரை:
முதல்வர் காப்பீட்டு அட்டை 2009-லிருந்து இருக்கிறது. 5 லட்சம் வரை பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்கிறார்கள், பிசியோதெரபியும் செய்கிறார்கள். எங்கள் அம்மாவுக்கு மாதாமாதம் வருகிறது. பீடிக்கென்று தனி ஆஸ்பத்திரி இருந்தால்தான் ஆச்சா?

மேலப்பாளையம் லாத்தா:
தம்பி, மாத்திரை வருவது நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொன்னது? காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் என்றால் கைகொடுக்கும். நாள்பட்ட இருமலுக்கும் கழுத்துவலிக்கும் அட்டையைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போவது? கட்டிலில் படுக்கிற அளவுக்கு முற்றின பிறகுதான் வைத்தியமா? பக்கத்திலேயே பீடி மருந்தகம் இருந்து, டாக்டர் இருந்து, ‘எத்தனை வருஷமாகச் சுற்றுகிறாய்’ என்று கேட்டுப் பார்த்தால்தான் நோய் பிடிபடும். நான் போன ஒரு மருந்தகத்தில் இரண்டு தடவை டாக்டர் இல்லை, மூன்றாவது தடவை மருந்து இல்லை. அன்றைய கூலி போனதுதான் மிச்சம்.

பாவூர்ச்சத்திரம் கணக்கர்:
டாக்டர் இல்லாத இடத்துக்குத்தான் இவ்வளவு சண்டையா? என் வீட்டுக்காரி 19 வருஷம் வயலில் நாற்று நட்டாள். சேற்றுப்புண், மூட்டுவலி, எல்லாம் உண்டு. அவளுக்கென்று ஒரு மருந்தகம் எந்த அரசு கட்டியது? நடவுக்கு ஆயிரத்துக்கு 5 ரூபாய் என்று யார் எடுத்து வைத்தார்கள்? அதைத்தான் கேட்டேன். என்னை ஏழை வயிற்றில் அடிக்கிறவன் மாதிரி ஆக்கிவிட்டீர்கள்.

முக்கூடல் மகள்:
மைனிக்கும் வேண்டும் அண்ணாச்சி. சேற்றில் நிற்கிறவர்களுக்கும் ஒரு நிதி, ஒரு மருந்தகம் வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தால் முதல் ஆளாக நான் வந்து நின்றிருப்பேன். நீங்கள் எழுதியது அது இல்லை. எங்களுக்கு எதற்கு என்று எழுதினீர்கள்.

அப்புறம் சேமநிதி. மற்ற தொழிலில் 12 விழுக்காடு பிடித்து, முதலாளியும் 12 போடுகிறார். பீடிக்கு இரண்டு பக்கமும் 10 தான். அந்த 2 விழுக்காட்டைச் சலுகையாக வாங்கினது யார்? முதலாளி. அதை இனாம் என்று எழுதி ஒரு நாளும் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இப்போது வருகிற பென்ஷன் மாதம் 1000 ரூபாய். 2014-ல் வைத்த குறைந்தபட்சம், இன்றும் அதேதான் வாங்குகிறாள். மாமி பாஸ்புக்கில் போன 12 வருஷம் அதில் சேரவில்லை. இருமல் மருந்துக்கும் ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ்ஸுக்கும் அதில் பாதி போகிறது. கண்ணாடிக்குக்கூட நல நிதியில் 300 ரூபாய்தான். 300 ரூபாய்க்கு எந்தக் கடையில் கண்ணாடி? அதையும் சேர்த்து இனாம் பட்டியலில் எழுதினீர்கள்.

பொருநைக்கரை:
பஸ் பெண்களுக்கு இலவசம்தானே?

முக்கூடல் மகள்:
எல்லா பஸ்ஸும் இல்லை. கட்டணமில்லா டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் புறநோயாளிச் சீட்டு கொடுத்து முடித்துவிடுவார்கள். ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டவுண் குமாஸ்தா:
தலைப்பு பீடி ஆஸ்பத்திரி. பஸ் பற்றித் தனியாக எழுதவும். தென்காசி பற்றி நான் சொன்னதற்கு இன்னும் திருத்தம் வரவில்லை.

பாவூர்ச்சத்திரம் கணக்கர்:
கூலிச் சீட்டும் வரவில்லை. 5 ரூபாய் பிடித்தம் என்று ஒரு வரி. அவ்வளவுதான் கேட்டேன்.

முக்கூடல் மகள்:
நாளை சனிக்கிழமை. அம்மாவின் பழைய பாஸ்புக் எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, பூச்சி அரித்தது போக. படம் எடுத்துப் போடுகிறேன். எந்தத் தேதியில் எத்தனை பீடி என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. நான் பிறந்ததற்கு முந்தைய நாள் வரை சுற்றினதும் இருக்கிறது.

பாவூர்ச்சத்திரம் கணக்கர்:
எத்தனை பீடி என்று நான் கேட்கவில்லை தங்கச்சி. பிடித்தம் கேட்டேன்.

முக்கூடல் மகள்:
எத்தனை பீடி என்பதுதான் பிடித்தம். ஆயிரத்துக்கு 5 ரூபாய்.