ஆர்.டி. போட்டவங்க வாங்க: கைக்கு வட்டி எவ்வளவு வந்துச்சு?

செக்கிங் அக்கா, திருப்பூர்

பனியன் கம்பெனி, சனிக்கிழமை சம்பளம். வாரம் 500 தனியா எடுத்து வெச்சு, மாசம் 2,000 பேங்க்ல ஆர்.டி. (மாசாமாசம் கட்டற சேமிப்பு) ஒரு வருசம். போர்டுல 7 சதவீதம்னு பெருசா எழுதியிருந்துச்சு. 24,000க்கு 7 சதவீதம்னா 1,680. ஆக 25,680 வரும்னு பாப்பாவோட ஸ்கூல் பீஸுக்கு அதையே நம்பியிருந்தேன். முடிஞ்ச அன்னிக்கு வந்தது 24,924.

கவுண்டர்ல இருந்த தம்பிகிட்ட, "ஏனுங்க, பாதி வட்டிய நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். பின்னால பத்துப் பேரு நிக்கறாங்க. அவரு கோவப்படலைங்க. கிழிச்சு வெச்சிருந்த தினசரி காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பன்னெண்டு கோடு இழுத்தாரு. மொதக் கோடு நீளம், அடுத்தது கொஞ்சம் குட்டை, அப்படியே கொறஞ்சு கொறஞ்சு கடைசிக் கோடு நகத்தளவு. "அக்கா, மொத மாசம் கட்டுன 2,000 மட்டுந்தான் பன்னெண்டு மாசம் எங்ககிட்ட இருந்துச்சு. கடைசியாக் கட்டுனது ஒரே மாசம். எல்லாத்துக்கும் 7 தான், ஆனா இருந்த மாசத்துக்குத்தான்"ன்னாரு.

பாத்ததும் புரிஞ்சுபோச்சு. ஆனா ஒரு வார்த்தை சொல்லாம பணத்தை வாங்கிட்டு வந்துட்டேன். அடுத்த மாசம் போனப்ப அவரு மாத்தலாகிப் போயிட்டாரு. இன்னிக்கும் அந்தப் பன்னெண்டு கோடு கண்ணுல நிக்குது.

மொத்தமா டெபாசிட் போட வழியில்லாத எங்களை மாதிரி, மாசாமாசம் கட்டி நல்ல வட்டி பாத்தவங்க யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க.

பால்காரன், கோபி

நான் போஸ்ட் ஆபீஸ். 2023 அக்டோபர்ல இருந்து 6.7, நான் அதுக்கு முன்ன 5.8 இருக்கறப்பவே ஆரம்பிச்சேன். அஞ்சு வருசம், 60 தவணை. எங்க ஊருக்கு வர்ற ஏஜென்ட் அம்மாகிட்ட மாசம் 3,000 குடுத்து அட்டையில கையெழுத்து வாங்கிக்குவேன். அவங்க கமிஷனை அரசாங்கம் குடுக்குது, நம்ம கணக்குல இருந்து ஒரு ரூவா போகாது.

40 மாசம் கட்டியாச்சு. தங்கச்சி சீருக்கு 50,000 பத்தல. கணக்கை முடிச்சு எடுத்துரலாம்னு கிளம்பிட்டேன். அந்த அம்மா உச்சி வெயில்ல வந்து திண்ணையில உக்காந்து, மோரைக் கூடக் குடிக்காம, "கண்ணு, ஒடைக்காத. கட்டுனதுல பாதி லோன் தருவாங்க, 60,000 வரும்"னு ரெண்டு தடவை சொன்னாங்க. லோனுக்கு ஆர்.டி. வட்டிக்கு மேல 2 சதவீதம்னதும் எனக்குக் கசந்துச்சு. கேக்கல. மூணு வருசத்துக்கு மேல, அஞ்சு வருசத்துக்குள்ள எடுத்தா சேவிங்ஸ் வட்டி 4 சதவீதந்தான். 1,20,000க்கு 8,200 சொச்சம் வந்துச்சு. கடைசி வரைக்கும் கட்டியிருந்தா 1,80,000க்கு 29,000 வட்டி. எடுத்த மிச்சப் பணமும் எப்படிப் போச்சுன்னே தெரியல.

பவர்டேபிள், அவிநாசி

அக்கா சொன்னது சரி. எனக்குப் போனதே வேற வழியில. 5ஆம் தேதி தானா எடுத்துக்கற மாதிரி போட்டிருந்தேன். சம்பளம் சனிக்கிழமை, 5ஆம் தேதி புதன்கிழமை. கணக்குல 300 ரூவா. எங்க பேங்க்ல 100க்கு ஒன்றரை ரூவா அபராதம். வருசத்துல நாலு தடவை. இப்ப தேதியை மாத்திட்டேன்.

தறிக்காரன், சோமனூர்

6.7க்கும் 7க்கும் இத்தனை பேச்சா? ஏலச்சீட்டு போடுங்க. நான் 20 மாசச் சீட்டுல கடைசியா எடுத்தேன், கசர் (ஏலத்துல தள்ளுன பணத்துல நமக்கு வர்ற பங்கு) எல்லாஞ் சேத்து பேங்க் வட்டிய விட எச்சு வந்துச்சு. அவசரம்னா நடுவுலயே எடுத்துக்கலாம், கோபிக்காரர் மாதிரி 4 சதவீதத்துக்கு வரவேண்டியதில்ல.

பெருந்துறை

சோமனூர் அண்ணா, உங்களுக்கு வந்துச்சு, சந்தோசம். ஆனா எல்லாத்துக்கும் சொல்லாதீங்க. 2012ல எங்க அப்பா ஈமுக் கோழிக்கு ஒன்றரை லட்சம் போட்டாரு. மாசாமாசம் பணம் வரும்னு நோட்டீஸ். கம்பெனி மூடுன பொறகு தீனி வரல. பட்டிக்குள்ள அந்தக் கோழிக வேலிக் கம்பியைக் கொத்திக்கிட்டே நின்னது. அப்பா பொழுதோட போயி தண்ணி மட்டும் ஊத்திட்டு வருவாரு. சீட்டும் ஈமுவும் ஒண்ணில்லன்னு தெரியும். பதிவு பண்ணுன சீட்டா, 1982 சீட்டு நிதிச் சட்டத்துக்குள்ள வருதான்னு பாக்காம நம்ம ஊர்க்காரன், நம்ம சாதிக்காரன்னு குடுக்கறோமே, அதைத்தான் சொல்றேன்.

மண்டிக் கணக்கு, ஈரோடு

என் கதை சின்னது. சம்சாரம் பேர்ல ஆர்.டி., டெபாசிட் ரெண்டும் ஒரே பேங்க்ல. பான் கார்டை ஆதாரோட இணைக்காம விட்டுட்டேன். வட்டியில வரியா 10 பிடிக்கவேண்டிய எடத்துல 20 சதவீதம் பிடிச்சுட்டாங்க. அந்த ஸ்டேட்மெண்டை அவ ஒண்ணுஞ் சொல்லாம மடிச்சு அரிசி டப்பா மேல வெச்சா. அவ்வளவுதான்.

பவர்டேபிள் தம்பி, தேதியை மாத்துனது சரி. ஆனா தேதியை விடப் பெரிசு எப்ப ஆரம்பிக்கறோம்ங்கறது. ஆர்.டி.ல ஆரம்பிச்ச நாள்ல இருக்கற வட்டிதான் கடைசித் தவணை வரைக்கும். 2025 பிப்ரவரிக்கு முன்ன ரெப்போ (ரிசர்வ் பேங்க் மத்த பேங்க்குகளுக்குக் கடன் குடுக்கற வட்டி) 6.5, அந்த ஜூன்லயே 5.5. அந்த ஜனவரியில அஞ்சு வருச ஆர்.டி. போட்டவங்க 2029ல கட்டற தவணைக்கும் பழைய வட்டியே வாங்குவாங்க. வட்டி எறங்கற காலத்துல நீளமாப் போடுங்க, ஏறற காலத்துல ஒரு வருசத்துக்கு மட்டும். இதைச் செய்யாம எந்த பேங்க்ல கால் சதவீதம் எச்சுன்னு அலையறது வீண்.

கோபித் தம்பி, அந்த அம்மா சொன்னதுதான் கணக்கு. 50,000 லோன் 7.8ல, 20 மாசத்துக்கு 6,500 ஆகியிருக்கும். 29,000ல அதைக் கழிச்சாலும் 22,000க்கு மேல. நீங்க வாங்குனது 8,200. 20 மாசம் தவணையும் கட்டியாகணும்ங்கறதும் நெசந்தான், மறுக்கல. அதுக்குத்தான் ஒரே 3,000 ஆர்.டி.யாப் போடாம, 1,000ல மூணாப் போடுங்க. அவசரம்னா ஒண்ணை மட்டும் ஒடைக்கலாம். மத்த ரெண்டும் வளரும்.

சின்ன பைனான்ஸ் பேங்க்குகள்ல பெரிய பேங்க்கை விட எச்சா தர்றாங்க. பயப்பட வேண்டாம், டெபாசிட் இன்சூரன்ஸ் இருக்குது. 2020 பிப்ரவரியில இருந்து ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு அசலும் வட்டியும் சேத்து 5 லட்சம் வரைக்கும். அதுக்கு மேல ஒரே எடத்துல வெக்காதீங்க. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு இந்த இன்சூரன்ஸ் கிடையாது, பேங்க்குக்கு மட்டுந்தான்.

வட்டி வருசத்துக்கு 50,000 தாண்டுனா டி.டி.எஸ். (பேங்க்கே வரி பிடிக்கறது), 60 வயசுக்கு மேல 1 லட்சம். அந்த பேங்க்ல இருக்கற எல்லா டெபாசிட்டையும் சேத்துத்தான் பாப்பாங்க.

செக்கிங் அக்காவுக்கு ஒண்ணு, கேக்காமயே சொல்றேன், மன்னிச்சுக்கங்க. பாப்பாவுக்குப் பத்து வயசு ஆகலைன்னா செல்வமகள் சேமிப்பு. 8.2. வட்டிக்கு வரியில்ல. வருசத்துக்கு 250 கட்டுனாக்கூடப் போதும், 1.5 லட்சம் வரைக்கும் கட்டலாம். ஆனா 5ஆம் தேதிக்குள்ள கட்டுங்க. 5ல இருந்து மாசக் கடைசி வரைக்கும் இருக்கற கொறஞ்ச இருப்புக்குத்தான் வட்டி. 6ஆம் தேதி கட்டுனா அந்த மாசத்துக்கு ஒண்ணுமில்ல. ஸ்கூல் பீஸுக்கு ஆகாதுங்க, காலேஜுக்குத்தான். பதினெட்டு ஆனாலோ பத்தாவது முடிச்சாலோ படிப்புக்குப் பாதி எடுக்கலாம்.

செக்கிங் அக்கா, திருப்பூர்

பாப்பாவுக்கு ஒம்பதரை. நாளைக்கு லீவு போட்டுட்டுப் போஸ்ட் ஆபீஸ் போறேன். ரொம்ப நன்றிங்க அண்ணா.

கரூர்

எங்கம்மா கதையும் இருக்கட்டும். 60 தாண்டுனா பேங்க் ஆர்.டி.ல அரை சதவீதம் எச்சுன்னு கூட்டிட்டுப் போனேன். எங்க தாய்மாமனை விட அம்மா ரெண்டு வயசு மூத்தவங்க, மாமனுக்கு 62. ஆதார்ல அம்மாவுக்கு 57. முகாம்ல குத்துமதிப்பா ஒரு வருசம் போட்டு ஜனவரி 1ன்னு எழுதிட்டாங்க. மேனேஜர் நல்லவருதான், "நான் என்னம்மா பண்றது, அட்டைதான் பேசும்"னாரு. அம்மா வெள்ளை முடியைக் கொண்டையில இருந்து அவுத்துக் காட்டி, "இதைப் பாருங்க சாமி"ன்னாங்க. பின்னால நின்னவங்க சிரிச்சாங்க. அம்மா சிரிக்கல.

பொறந்த சர்டிபிகேட் இல்ல, பள்ளிக்கூடம் போனதில்ல. இப்ப சாதாரண வட்டிக்கே மாசம் 1,000 போட்டிருக்கோம். வயசைத் திருத்தறதுக்கு என்ன காகிதம் வேணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.