தேயிலை மலை செய்ய மலிவான வழி?

ஹட்டன்காரன்: மேசைப் போர் விளையாட்டுக்கு வைத்திருக்கும் 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைப் படைகளுக்கு மேசைமேல் தேயிலை மலைச்சரிவு வேண்டும். ரெஜிபோமை (தெர்மாகோல்) வெட்டி அடுக்கி ஸ்பிரே பெயின்ட் அடித்தேன், உருகிக் குழி விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?

லிந்துலை: ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான்தான் ரெஜிபோமைத் தின்னும். முதலில் பைண்டர் கம்மில் (வெள்ளைப் பசை) கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு தடவை பூசிக் காயவிட்டு, அப்புறம் சுவருக்கு அடிக்கும் எமல்ஷனைத் தூரிகையால் அடியுங்கள். குழி விழுந்த துண்டை வீசாதீர்கள், குண்டு விழுந்த இடமாக இருக்கட்டும்!

பண்டாரவளை: மண்ணுக்கு வடித்த தேயிலைத்தூள் போதும், நம்ம ஊரில் அதற்கா பஞ்சம். ஆனால் அடுப்படியில் மொறுமொறுவெனக் காயவைக்காமல் ஒட்டினால் இந்த மூடுபனிக்குப் பூஞ்சணம் பிடிக்கும், எனக்கு ஒரு குன்றே வெள்ளையாகிப் போனது.

ஹட்டன்காரன்: சரி அண்ணே, தேயிலைச் செடிக்கு?

பண்டாரவளை: பாத்திரம் கழுவும் ஸ்பஞ்சைப் பிய்த்துப் பச்சை பூசி, நிரை நிரையாக ஒட்டுங்க.