ஓட்டு மச்சில் மாடல் ரயில்: கூரை இடிக்கிறது, தண்டவாளம் நெளிகிறது. யோசனை சொல்லுங்கள்

கேட்பவர் (வேலப்பாடி, வேலூர்):
மச்சு 16 அடி நீளம், 9 அடி அகலம். நடு முகட்டில் உயரம் 5½ அடி. இரண்டு நீளச் சுவர்களிலும் 2 அடிதான். ஏணித் துவாரம் கிழக்குச் சுவரை ஒட்டி நடுவில். எச்ஓ (HO, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) அளவில், காட்பாடி மாதிரி ஒரு ஜங்ஷன், 8 ஐசிஎஃப் பெட்டி (சென்னை ஐசிஎஃப் ஆலையின் பயணிகள் பெட்டி) வண்டி ஓட வேண்டும். மேசை 30 அங்குல உயரம் போதுமா? சோதனைக்கு 3 மீட்டர் ஃப்ளெக்ஸ் டிராக் (வளைக்கக்கூடிய தண்டவாளம்) பதித்து, ஜாயிண்ட் எல்லாம் சால்டர் செய்தேன். மதியம் பாம்பு மாதிரி நெளிகிறது, காலையில் சரியாகிவிடுகிறது. டிராக் தரம் மட்டமா?

பதில் 1 (காட்பாடி):
சார், பிளானை அப்புறம் வரையலாம். முதலில் மச்சின் குறுக்குவெட்டை வரையுங்கள். உங்கள் கூரை, சுவரிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே வந்தால் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல் ஏறுகிறது. கையும் பெட்டியும் புழங்க டிராக்குக்கு மேல் 10 அங்குலமாவது வேண்டும். 30 அங்குல மேசையில் அந்த இடைவெளி சுவரிலிருந்து சுமார் 21 அங்குலம் தள்ளித்தான் கிடைக்கும். இரண்டு பக்கமும் அவ்வளவு வீண். மேசையை 20 அங்குலமாக இறக்கினால் 8 அங்குலத்திலேயே கிடைத்துவிடும். குட்டை முக்காலியில் உட்கார்ந்து ஓட்டுங்கள். இந்தக் கூரைக்குக் கீழே நின்று ஓட்டும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

பலகை அகலம் 24 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். கூரை சரிவதால் குனிந்து எட்ட முடியாது. பாயிண்ட் (வண்டி தடம் மாறும் இடம்), யார்டு எல்லாம் முன்பக்கம்; பின்னால் வெறும் ஓட்டப் பாதை மட்டும்.

அளவு: எச்ஓ இங்கே சிரமம். ஐசிஎஃப் பெட்டி ஒன்று சுமார் 245 மி.மீ.; எட்டும் இஞ்சினும் சேர்ந்தால் இரண்டேகால் மீட்டர். இரு முனையிலும் பாயிண்ட் வைத்தால் ஸ்டேஷனே நீளத்தைத் தின்றுவிடும். வளைவு ஆரம் 600 மி.மீ.க்குக் குறைந்தால் நீளப் பெட்டி அசிங்கமாக வெளியே நீட்டும், பஃபர் சிக்கும். அந்த ஆரத்தில் திரும்ப நாலேகால் அடி அகலம் தேவை. ‘என்’ (N, 160-இல் ஒரு பங்கு) அளவில் அதே வண்டி 1.2 மீட்டர், 282 மி.மீ. ஆரத்துக்கு 26 அங்குலம் போதும், அந்த முனையில் மட்டும் பலகையை 2 அங்குலம் அகலப்படுத்துங்கள். இந்திய வண்டிகள் எச்ஓவில் கிடைக்கிற அளவு என்-இல் கிடைக்காது என்பதுதான் ஒரே குறை.

பதில் 2 (ராணிப்பேட்டை):
டிராக் மேல் தப்பில்லை, சால்டர் மேல்தான். நிக்கல் சில்வர் தண்டவாளம் 25 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 0.4 மி.மீ. நீளும். அற்பம்தான், ஆனால் இரு முனையும் இறுகியிருந்தால் அந்த 0.4 நடுவில் ஒரு செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் தள்ளும். மார்கழிக் காலையில் பதித்தால் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏடிஎம் கார்டு நுழையும் இடைவெளி விடுங்கள். சித்திரை மதியத்தில் பதித்தால் ஒட்டியே வைக்கலாம். வளைவில் வரும் ஜாயிண்டை மட்டும் சால்டர் செய்யுங்கள், மற்றவை நழுவட்டும்.

நழுவும் ஜாயினர் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு தகடு) கரண்டுக்கு நம்பகமில்லை. அதனால் பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. மெயின் வயர் இரண்டு ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி மெல்லிய வயர் ஏற்றுங்கள்.

12 மி.மீ. பிளைவுட்டுக்கு இரண்டு பக்கமும் விளிம்பும் பெயிண்ட் அடிக்காவிட்டால் ஐப்பசி மழையில் உப்பும். ஓட்டுக்குக் கீழே ஃபாயில் ஷீட்டும் சீலிங்கும் கட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வெக்கையைவிட ஓட்டிடுக்கில் உதிரும் தூசிதான் வண்டியை நிறுத்தும். தண்டவாளத்தை உப்புக்காகிதத்தால் தேய்க்காதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் சேரும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும்.

கேட்பவர்:
நன்றி அண்ணா. என்-க்கே போகிறேன். ஏணித் துவாரத்துக்கு மேல் கழற்றும் பாலம் வைத்து முழு வட்டமாக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். ஏறும்போது முதலில் இடிப்பது அந்தப் பாலத்தில்தான். ப வடிவத்தில் வைத்து, துவாரத்துக்கு இருபுறமும் உள்ள முனைகளில் லூப் (வண்டி சுற்றித் திரும்பும் வளையம்) போடுங்கள். இரட்டைப் பாதையாகவே ஓட்டினால் சாதா டிசி போதும். ஆனால் அந்த இரண்டு பாதைகளுக்கு நடுவே எங்கே கிராஸ் ஓவர் (ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இணைப்பு) வைத்தாலும் வண்டி திசை மாறித் திரும்பி வரும் பாதையாகி ஷார்ட் ஆகும். ஜங்ஷனில் கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு லூப்பையும், ஒவ்வொன்றும் முழு வண்டியும் அடங்கும் நீளத்துக்கு, இரண்டு தண்டவாளத்திலும் இன்சுலேட்டட் ஜாயினர் போட்டுத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் போலாரிட்டி (பிளஸ்-மைனஸ்) மாற்றும் சுவிட்ச் வையுங்கள்.

பலகையைக் கீழேயே செய்வதானால் ஆசாரியிடம் துவார அளவைக் கொடுத்துவிடுங்கள். 4 அடித் துண்டு சாய்த்து ஏறும். கால்களைத் தனியாக போல்ட் வைத்து மாட்டச் சொல்லுங்கள்.