ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் வந்தால் க்ரோன்ஸ்தானா? கொலொனோஸ்கோபி கட்டாயமா?

முனிர்க்கா_அண்ணன்:
தம்பிக்கு 24 வயசு. மூன்று மாதமாகப் பேதி, ராத்திரியில்கூட இரண்டு தடவை எழுந்து ஓடுகிறான், 8 கிலோ இறங்கிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று நாங்களாகவே ஒரு லேபில் குடல் அழற்சிக்கான ஆன்டிபாடி பேனல் எடுத்தோம். ஆஸ்கா (ஐஜிஜி வகை) பாசிட்டிவ், அதுவும் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம்தான் மேலே, பி-ஆன்கா (வெள்ளணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி) நெகட்டிவ். ரிப்போர்ட் கொடுத்தவரே ‘க்ரோன்ஸ் மாதிரி இருக்கு’, அதாவது நாள்பட்ட குடல் அழற்சி நோய், என்று சொல்லி அனுப்பிவிட்டார். டாக்டரோ அந்தத் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கொலொனோஸ்கோபி (குழாய் விட்டுக் குடலுக்குள் பார்க்கும் சோதனை) எழுதிவிட்டார். தம்பி பயந்து போயிருக்கிறான், தவிர்க்க வழி உண்டா? ஆஸ்கா ஈஸ்ட்டுக்கு எதிரான ஆன்டிபாடியாமே, அம்மா அன்றிலிருந்து பிரெட்டை வீட்டுக்குள் விடுவதில்லை, இட்லி மாவையும் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

லேப்_கோட்டு:
பதினோரு வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்: நோயைச் சொல்ல வேண்டியது கவுன்ட்டர் இல்லை. க்ரோன்ஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆஸ்கா பாசிட்டிவ் வரும், சீலியாக்கிலும் (கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) வரும், நோயே இல்லாத சிலருக்கும் வரும். பி-ஆன்கா அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் வரும் இன்னொரு அழற்சி நோய்) பக்கம் சாயும். ஆனால் அதை எப்படிப் பார்த்தார்கள் என்று ரிப்போர்ட்டில் தேடுங்கள். ஸ்லைடில் வெள்ளணுக்களை வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு விளிம்பு மின்னும், கொலைட்டிஸுக்கு அதைத்தான் பார்க்க வேண்டும். வெறும் எம்பிஓ எலைசா (எம்பிஓ என்ற ஒரு புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியை மட்டும் தேடும் டெஸ்ட்) போட்டிருந்தால் அது ரத்தக்குழாய் அழற்சிக்கான டெஸ்ட், கொலைட்டிஸில் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். அந்த நெகட்டிவை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அப்புறம், அம்மாவிடம் சொல்லுங்கள், ஈஸ்ட்டின் செல் சுவரில் இருக்கும் மன்னன் என்ற சர்க்கரைப் பொருளை (ராஜா இல்லை!) உடம்பு அடையாளம் கண்டிருக்கிறது, அவ்வளவுதான். அது பிரெட் அலர்ஜி இல்லை.

ஆர்கேபுரம்_அக்கா:
தம்பி, நான் க்ரோன்ஸ்காரி. நம் ஊரில் பெரிய சிக்கலே குடல் டிபிதான். இரண்டும் சிறுகுடல் முடிகிற இடத்தில்தான் வந்து உட்காரும், புண்ணும் எடைக்குறைவும் ஒரே மாதிரி இருக்கும். இங்கே டெல்லி எய்ம்ஸ் டாக்டர்களே 2007-இல் எழுதியிருக்கிறார்கள், ஆஸ்காவை வைத்து க்ரோன்ஸையும் குடல் டிபியையும் பிரிக்க முடியவில்லை என்று. இருப்பது டிபியாக இருந்து, அந்தப் பேப்பரை நம்பி, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஸ்டீராய்டை ஆரம்பித்துவிட்டால் டிபி உடம்பெல்லாம் பரவலாம். அதனால்தான் டாக்டர் உள்ளே பார்த்துச் சதை எடுத்துச் சோதிக்க (பயாப்ஸி) வேண்டும் என்கிறார். எனக்கு பயாப்ஸியிலும் தெளிவாகத் தெரியாமல் முதலில் டிபி மாத்திரைதான் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்கோப், புண் அப்படியே இருந்தது, அப்புறம்தான் க்ரோன்ஸ் என்று முடிவானது.

ஸ்கோப்பில் கஷ்டமே முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யக் குடிக்கிற அந்த உப்புத் தண்ணீர்தான். ஃப்ரிட்ஜில் வைத்து ஜில்லென்று, ஒவ்வொரு டம்ளருக்கும் நடுவே எலுமிச்சைத் துண்டை நக்கிக்கொண்டு குடிக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் மயக்க ஊசியில் போய்விடும்.

முனிர்க்கா_அண்ணன்:
ரிப்போர்ட்டைப் பார்த்தேன், எம்பிஓ எலைசாதான் போட்டிருக்கிறார்கள். கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரிகிறது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒன்று உண்டாமே, அதையாவது எடுக்கட்டுமா?

லேப்_கோட்டு:
அந்த பேனலைவிட அது உருப்படியானது. குடலில் அழற்சி இருக்கிறதா என்று சொல்லும், வழக்கமாக ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் டிபியிலும் ஏறும், வலி மாத்திரை போட்டாலும் ஏறும். உங்கள் தம்பி இருக்கிற நிலையில் அது எவ்வளவு வந்தாலும் ஸ்கோப் வேண்டும், வீணாக இன்னொரு பில் எதற்கு?

முனிர்க்கா_அண்ணன்:
சரி, வியாழக்கிழமைக்குத் தேதி வாங்கிவிட்டேன். எலுமிச்சை விஷயத்தைச் சொன்னதும்தான் அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு. அம்மா இன்று மாவு ஆட்டுகிறார்.