தஞ்சாவூர் சுவார்ட்ஸ் கோயில் சிற்பத்தில் கட்டிலில் படுத்திருப்பவர் யார்?

காவிரிக்கரை:
போன வாரம் மகளோடு தஞ்சாவூர் போயிருந்தேன். பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு சிவகங்கைப் பூங்காவை ஒட்டியிருக்கும் பழைய கிறிஸ்தவ ஆலயத்துக்குள்ளும் போனோம். அங்கே வெள்ளைப் பளிங்கில் ஒரு சிற்பம். ஒரு பெரியவர் கட்டிலில் படுத்திருக்கிறார், தலைப்பாகை கட்டிய ஒருவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் சில பிள்ளைகளும் இருக்கிறார்கள். "அந்தத் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையாப்பா?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பாதிரியார் என்று மட்டும் அங்கிருந்தவர் சொன்னார். ஒரு பாதிரியாரின் கையை ராஜா ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலவீதி:
படுத்திருப்பவர் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் சுவார்ட்ஸ். கையைப் பிடித்திருப்பவர் இரண்டாம் சரபோஜி மன்னர். லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்யவைத்தது சரபோஜிதான்.

பழைய வாத்தியார்:
மேலவீதி சொன்னது சரி. உங்கள் மகளிடம் சொல்ல நான் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன். நான் படித்தது ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில். அப்துல் கலாம் படித்த அதே பள்ளி. பள்ளிப் பெயரைத் தினமும் நோட்டில் எழுதியும் அவர் யாரென்று எனக்குத் தெரியாது. நானே வாத்தியாரான பிறகுதான் தேடிப் படித்தேன்.

சுவார்ட்ஸ் 1726-ல் ஜெர்மானிய நாடான பிரஷ்யாவில் பிறந்தவர். ஹாலே நகரத்தில் படிக்கும்போதே தமிழ் வேதாகமம் அச்சிடும் வேலைக்கு உதவியாகத் தமிழ் கற்றார். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து, நாலே மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். அப்புறம் மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம் என்று கற்றுக்கொண்டே இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை.

ஆராதனை நடத்துவது எவ்வளவு முக்கியமோ, பள்ளி வைப்பதும் அவருக்கு அவ்வளவு முக்கியம். திருச்சியில் அனாதைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1780-களில் தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊரிலும் ஆங்கிலப் பள்ளிகள் வந்ததற்கு, தஞ்சையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த ஜான் சல்லிவனோடு சேர்ந்து உழைத்தவர் இவர். பிராமணப் பிள்ளைகளும் வந்து படித்தார்கள். கிறிஸ்தவப் பாடல்கள் எழுதிய வேதநாயக சாஸ்திரியாரைப் பன்னிரண்டு வயதில் நெல்லைச் சீமையிலிருந்து கூட்டிவந்து தஞ்சாவூரில் வைத்துப் படிக்கவைத்தவரும் இவரே. அந்தப் பையன் பிற்பாடு சரபோஜியின் அவையிலேயே புலவராக இருந்தார்.

இப்போது ராஜாவுக்கு வருகிறேன். தஞ்சை மன்னர் துளஜாஜி 1787-ல் சாகும் தறுவாயில் சிறுவன் சரபோஜியைத் தத்தெடுத்து, "இவன் இனி உங்கள் பிள்ளை" என்கிற மாதிரி சுவார்ட்ஸின் பொறுப்பில் ஒப்படைத்தார். அரண்மனைப் பொறுப்பைத் தான் ஏற்க முடியாது, உங்கள் தம்பி அமர்சிங்கிடம் கொடுங்கள் என்று யோசனை சொன்னவர் சுவார்ட்ஸ். அது தப்பாகப் போயிற்று. அமர்சிங்கே அரசரானார். பையனைப் படிப்பில்லாமல் அடைத்துவைத்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு சுவார்ட்ஸ் சென்னையிலிருந்த கம்பெனி அரசுக்கு எழுதிப் போராடி, 1793-ல் பையனை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வழிசெய்தார். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு பாதிரியார் அவருக்குப் பாடம் சொன்னார். சிற்பத்தில் கட்டிலின் தலைமாட்டில் நிற்பவர் அந்தக் கெரிக்கேதான். தன் யோசனை ஒரு பிள்ளையைப் பாதித்ததும், அதைச் சரிசெய்யும்வரை அவர் ஓயவில்லை. அவரை நான் மதிப்பது இதற்காகத்தான்.

வடவாறு:
மன்னிக்கவும், இவரை அப்படியே புகழ முடியாது. கம்பெனிக்காக ஹைதர் அலியிடம் தூது போனவர் இவர். அரசியலில் கைவைத்த பாதிரியார்தானே?

பழைய வாத்தியார்:
போனார், உண்மைதான். 1779-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு. சமாதானம் பேசத்தான் அனுப்புகிறார்கள் என்று நம்பிப் போனார். கம்பெனிக்கு அதில் எவ்வளவு மனம் இருந்தது என்பது வேறு கதை. ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை, பள்ளிக்கு ஒதுக்கினார். அடுத்த வருஷமே போர் வந்தபோது, இந்தப் பெரியவரை யாரும் தடுக்க வேண்டாம் என்று ஹைதர் தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டார். எதிரி முகாமிலும் அவருக்கு அவ்வளவு நல்ல பெயர் இருந்தது.

அந்தப் போரில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது, கொண்டுவர மாடு இல்லை. முன்பு ஏமாந்திருந்ததால், ராஜா சொல்லியும் கம்பெனி சொல்லியும் ஜனங்கள் மாடு கொடுக்கவில்லை. கூலிக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் எழுதினார். ஓரிரண்டு நாளில் ஆயிரம் மாட்டுக்கு மேல் வந்தன, நெல் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. பிறகு கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய விவசாயிகள் ஏழாயிரம் பேர் திரும்பி வந்து பயிர் வைத்ததும் அவர் வார்த்தையை நம்பித்தான். இதை அரசியல் என்றால் அரசியல்தான் ஐயா. எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி சார். அவர் இறந்தபோது சரபோஜி உண்மையாகவே பக்கத்தில் இருந்தாரா? ராஜா கிறிஸ்தவராக மாறினாரா?

பழைய வாத்தியார்:
மாறவில்லை. கடைசிவரை இந்துவாகவே இருந்தார். சுவார்ட்ஸ் மீது அவருக்கிருந்த பாசம் அதனால் குறையவும் இல்லை.

சுவார்ட்ஸ் சில மாதம் நோயில் கிடந்து 1798 பிப்ரவரி 13 அன்று தன் 71-வது வயதில் காலமானார். கூட ஊழியம் செய்த உள்ளூர்ச் சகோதரர்கள்தான் அப்போது அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். கெரிக்கே தலைமாட்டில் ஞானப்பாட்டுப் பாடியபோது, உயிர் போய்விட்டது என்று நினைத்த அந்த வாய் கூடவே பாடத் தொடங்கியது என்று சொல்வார்கள். நோயில் கிடந்தபோது சரபோஜி வந்து பார்த்திருந்தார். நல்லடக்கத்தன்று பெட்டியை மூடுமுன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். அழுதார். கல்லறை வரைக்கும் நடந்து போனார். அதே வருஷம் ஜூனில்தான் அவர் அரியணை ஏறினார், அதைப் பார்க்க சுவார்ட்ஸ் இல்லை.

நீங்கள் பார்த்த கோயிலில் கல்லறை கிடையாது. அது கோட்டைக்கு வெளியே தூய பேதுரு ஆலயத்தில் இருக்கிறது. அதில் பதித்த கல்லில் சரபோஜியே ஆங்கிலத்தில் எழுதிய கவிதை இருக்கிறது. அனாதைகளுக்குத் தகப்பன், விதவைகளுக்கு ஆதரவு என்றெல்லாம் சொல்லிவிட்டு, என் தகப்பனே, உமக்குத் தகுந்தவனாக நான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கடைசியில் தன் பெயரைப் போட்டிருக்கிறார்.

காவிரிக்கரை:
மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டில் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் யார் என்று இப்போது கேட்கிறாள்.

பழைய வாத்தியார்:
அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அம்மா.