கிளியர் ஸ்டாம்பில் அச்சு கலங்குகிறது. அப்பாவுக்கு ஓங்கிக் குத்திப் பழகிய கை

செண்பகம் எழுதியது:

வணக்கம். கேள்வி என் அப்பாவுக்காக. அவருக்கு வயது 68. ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தவர். காலை முதல் மாலை வரை ‘பெறப்பட்டது’, ‘அனுப்பப்பட்டது’ என்று முத்திரை குத்தியே காலம் கழிந்தது. ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகாமல் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். “ரப்பர் ஸ்டாம்ப் வைத்து வாழ்த்து அட்டை செய்யலாமே அப்பா, உங்களுக்குத் தெரியாத முத்திரையா?” என்று கேட்டு, போன மாதம் ஒரு தொகுப்பு வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடி போலத் தெளிந்த கிளியர் ஸ்டாம்புகள் 12, அவற்றை ஒட்டிக்கொள்ள ஓர் அக்ரிலிக் கட்டை, கறுப்பு டை மை (சாயம் கரைந்த மை) ஒன்று, நீலப் பிக்மென்ட் மை (கரையாத நிறத்தூள் கலந்த மை) ஒன்று.

பழைய சகாக்கள் 25 பேருக்கு ஆளுக்கொரு அட்டை அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் ஒன்றும் சரியாக வரவில்லை. செம்பருத்திப் பூ வைத்தால் இதழ் ஓரமெல்லாம் நிழல் விழுகிறது. மெல்லிய கோடுகள் தடித்துப் போகின்றன. அதே பூவின் நடுவில் ஒரு திட்டு வெள்ளையாக விட்டுப்போகிறது. நீல மையைப் பளபளப்பான தாளில் வைத்து இரண்டு நாள் ஆகியும் விரலில் ஒட்டுகிறது. கறுப்புக் கோட்டுக்குள் நீர்வண்ணம் தீட்டினால் கோடே கரைந்து பூ முழுவதும் சாம்பலாகிறது.

நேற்று எல்லாவற்றையும் டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு, “எனக்கு இது வராதம்மா” என்றார். கோளாறு ஸ்டாம்பிலா, மையிலா, தாளிலா, கையிலா? வேறு ஏதாவது வாங்க வேண்டுமா?

•

தாள்மடிப்பு எழுதியது:

அக்கா, பளபளப்பான தாளை முதலில் ஓரம் கட்டுங்கள். பிக்மென்ட் மை கெட்டியானது, மெதுவாகத்தான் உலரும். சாதாரணத் தாளானால் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். பூச்சுப் பூசிய தாளில் இறங்க வழியில்லாமல் மேலேயே நிற்கிறது. இரண்டு வாரம் காத்திருந்தாலும் ஒட்டத்தான் செய்யும்.

ஆனால் அந்த ஈரம்தான் எம்போஸிங் பவுடருக்கு வேண்டியது. அச்சு ஈரமாக இருக்கும்போதே நிறமற்ற பவுடரைத் தூவி, உதறி, ஹீட் கன் என்ற சூடான காற்றுக் கருவியால் சூடு காட்டினால் பவுடர் உருகிப் பளிங்கு போல மேலெழும்பி நிற்கும். தலைமுடி உலர்த்தி இதற்கு உதவாது. அதில் சூடு போதாது, காற்று பலமாக வந்து பவுடரைப் பறக்கடித்துவிடும். பவுடர் உருகியதும் சூட்டை அடுத்த இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். அங்கேயே காட்டினால் உருகியது தாளுக்குள் இறங்கி, மேடு தட்டையாகி எண்ணெய்க் கறை போல ஆகும்.

கை பற்றிக் கேட்டீர்கள். கீல் வைத்த மூடியில் ஸ்டாம்பை ஒட்டி அழுத்தும் பொசிஷனர் கருவி ஒன்று வாங்கிவிடுங்கள். விட்டுப்போன இடத்தில் மறுபடி மை தடவி, இம்மி பிசகாமல் அதே இடத்தில் அழுத்தலாம்.

•

மையொற்றி எழுதியது:

செண்பகம், “எனக்கு இது வராதம்மா” என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அவருக்கு வரும். 11 ஆண்டுகளாக அட்டை செய்கிறேன், பலருக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தம்பி சொன்ன கருவி நல்ல கருவிதான். ஆனால் இப்போதைக்கு வேண்டாம். கை கற்றுக்கொள்ள வேண்டியதைக் கருவியிடம் கொடுத்துவிட்டால் அவருக்கு அதில் என்ன சந்தோஷம் இருக்கும்?

அவர் 31 ஆண்டுகள் பிடித்த முத்திரையை நினைத்துப் பாருங்கள். அடியில் கெட்டியான ரப்பர், அதற்கும் மரப்பிடிக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு பஞ்சுப் படலம். காகிதத்துக்குக் கீழே தடித்த பதிவேடு அல்லது கோப்புக் கட்டு. ஓங்கிக் குத்தினாலும் அந்த அடியை ரப்பர் கொஞ்சம், பஞ்சு கொஞ்சம், பதிவேடு கொஞ்சம் என்று பங்கிட்டுக்கொள்ளும். இப்போது அவர் கையில் இருப்பது மிருதுவான பாலிமர். மேலே கல் போன்ற அக்ரிலிக், கீழே மேசைப் பலகை. அதே வேகத்தில் குத்தும்போது பாலிமர் கோடுகள் பக்கவாட்டில் பிதுங்குகின்றன. கோட்டின் விளிம்பிலும் பள்ளத்திலும் இருக்கிற மையும் சேர்ந்து தாளில் பதிகிறது. நீங்கள் சொல்லும் நிழலும் தடித்த கோடும் அதுதான்.

நம் மொழியில் முத்திரையைக் ‘குத்துவது’ என்றுதான் வழக்கம். இந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் சொல் ‘ஒற்றுவது’. நெற்றி வியர்வையைத் துணியால் ஒற்றி எடுக்கிறோமே, அந்த அளவு. அப்பாவிடம் “மெதுவாகக் குத்துங்கள்” என்று சொல்லாதீர்கள், கை குழம்பும். “ஒற்றுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். சொல் மாறினால் கை மாறுவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

மை தடவுவதிலும் பழக்கம் மாற வேண்டும். பேடில் ஸ்டாம்பைக் குத்தி எடுத்தால் பள்ளங்களிலும் மை ஏறும். ஸ்டாம்பின் முகம் மேலே பார்க்கும்படி மேசையில் வைத்து, பேடைக் கையில் எடுத்து, அதன்மேல் லேசாகத் தட்டிக்கொண்டே போகட்டும். பத்துப் பதினைந்து தட்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எல்லாக் கோட்டிலும் ஒரே ஈரப் பளபளப்பு தெரிய வேண்டும். தாளில் வைத்தபின் நேராக அழுத்தி, மனதுக்குள் மூன்று எண்ணி, நேராகத் தூக்க வேண்டும். நன்றாகப் பதியட்டும் என்று கட்டையை முன்னும் பின்னும் ஆட்டுவது பலருக்கும் வழக்கம். அந்த ஆட்டத்தில்தான் கட்டையின் விளிம்பு தாளைத் தொட்டு அழுக்காக்குகிறது.

நடுவில் விழும் வெள்ளைத் திட்டுக்கு ஒரு சோதனை உண்டு. கட்டையில் பூவை அப்படியே தலைகீழாகத் திருப்பி ஒட்டி, கட்டையை முன்பு பிடித்தது போலவே பிடித்து, இன்னொரு முறை ஒற்றுங்கள். திட்டு பூவோடு சேர்ந்து இடம் மாறினால் குறை ஸ்டாம்பில். பூ திரும்பியும் திட்டு பழைய பக்கத்திலேயே நின்றால் குறை மேசையிலோ கட்டையிலோ அழுத்தத்திலோ. திட்டு சரியாக நட்டநடுவில் இருந்து, திருப்பியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் இரண்டுக்கும் மருந்து செய்துவிடுங்கள்.

ஸ்டாம்புக்கு மருந்து: புதிய ஸ்டாம்பின் மேல் வழுக்கலான ஒரு மெல்லிய படலம் இருக்கும். மை அதில் பரவாமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் முகத்தை மென்மையாகத் தேய்த்து, சோப்பு நீரில் கழுவித் துடைத்தால் போதும். பளபளப்புக் குறைந்து மங்கலாகத் தெரிவதே சரியான பதம். உப்புத்தாள் கொண்டு தேய்க்கச் சொல்பவர்களும் உண்டு. செம்பருத்தியின் மகரந்த நுனி போன்ற மெல்லிய வேலைப்பாட்டில் நான் அதைத் தொட விடமாட்டேன். மேசைக்கு மருந்து: தாளுக்கு அடியில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் நுரைத்தாள் ஒன்று. கணினி மவுஸ் வைக்கும் பழைய விரிப்பு இருந்தால் அதுவே போதும். அவருடைய பதிவேடு செய்த வேலையை இது செய்யும்.

கறுப்புக் கோடு கரைவதற்குக் காரணம் மை. பெரும்பாலான டை மை தண்ணீரில் கரையும். அதன்மேல் தூரிகை போனால் அது என்ன செய்யும்? இருப்பதை வைத்தே செய்ய வேண்டுமானால், காய்ந்த வண்ணப் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். நீர்வண்ணம்தான் வேண்டும் என்றால் நீரில் கரையாத மை என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒன்று வாங்குங்கள். இந்த மொத்தப் பதிலில் காசு செலவழிக்கச் சொல்லும் இடம் இது ஒன்றுதான். அந்த மை கரைப்பான் கலந்ததாக இருந்தால் ஸ்டாம்பில் கறை நிற்கும், துடைக்க அதற்கான தனித் திரவம் வேண்டும். மற்ற மைகளுக்கு ஈரத்துணி போதும்.

இன்னொன்று. என் முதல் ஆண்டு அட்டை ஒன்றைத் தோழி ஜன்னல் ஓரம் வைத்திருந்தாள். அடுத்த ஆண்டு போனபோது ஊதாப் பூக்கள் பழுப்பேறிக் கிடந்தன, பெயர் இருந்த இடம் ஏறக்குறைய வெறும் தாள். டை மை வெயிலில் வெளுக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அப்பாவின் சகாக்கள் அந்த அட்டைகளைப் பத்திரப்படுத்தப் போகிறவர்கள். வாழ்த்து வாசகத்தையும் பெயரையுமாவது நீலப் பிக்மென்ட் மையில், பூச்சில்லாத தாளில் வையுங்கள்.

ஒற்றிப் பார்த்தும் கை குத்தவே போனால், மரக்கட்டையில் ஏற்றிய சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப் ஒன்றைக் கையில் கொடுங்கள். அது அவருக்குப் பழைய நண்பன். வெயிலில் இளகிக் குளிரில் விறைத்துக்கொண்டிருந்த பதப்படுத்தாத ரப்பரைக் கந்தகமும் சூடும் சேர்த்து நிலைநிறுத்தும் முறைக்கு சார்ல்ஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் ரப்பர் முத்திரை பிறந்தது. செயற்கைப் பல்லின் ஈறுக்காக ரப்பரைச் சுட்டெடுக்கப் பல் மருத்துவர்கள் வைத்திருந்த கலன்களில்தான் தொடக்ககால முத்திரைகள் பலவும் வார்க்கப்பட்டன. அவரிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

•

செண்பகம் எழுதியது:

மையொற்றி அம்மா, சனிக்கிழமை உட்கார்ந்தோம். பூவைத் தலைகீழாக்கினோம். திட்டு பூவோடு திரும்பியது, ஆக ஸ்டாம்பின் குறைதான். அப்பா அழிரப்பரால் 12 ஸ்டாம்புகளையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தார், அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு ‘ஒற்று’ என்று சொன்னேன். முதல் இரண்டு கலங்கின. மூன்றாவது செம்பருத்தியில் மகரந்தம் ஐந்தும் தனித்தனியாக விழுந்தது. அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பல் மருத்துவர் கதையை அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

இப்போது புதுக் கேள்வி. தொகுப்பில் வாசகங்கள் எல்லாம் ஆங்கிலம். “நான் அவர்களோடு ஆங்கிலத்திலா பேசினேன்?” என்கிறார். ‘வாழ்த்துகள்’ என்று அவரே செதுக்க முடியுமா?

•

உளிமுனை எழுதியது:

முடியும், ஐயாவே செதுக்கட்டும். பெரிய அழிரப்பரோ, செதுக்குவதற்கென்று விற்கும் மிருதுவான ரப்பர் பலகையோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘வி’ வடிவ முனையுள்ள சிறிய உளி ஒன்று வேண்டும்.

எழுத்தை இடவலமாக மனதில் திருப்பி வரைய முயல வேண்டாம். மெல்லிய ஊடுதாளில் (டிரேசிங் பேப்பர்) மென்மையான பென்சிலால் நேராகவே எழுதுங்கள். எழுதிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து வைத்து நகத்தால் தேய்த்தால் பென்சில் கோடு தானாகவே புரண்டு பதியும். ‘வா’வின் துணைக்கால் இடப்பக்கம் வந்து நிற்பதைப் பார்த்ததும் கை அதைத் ‘திருத்த’ப் போகும். விடாதீர்கள்.

தமிழில் உள்ள உண்மையான சவால் சுழிகள்தான். ‘து’வுக்கும் ‘ள’வுக்கும் உள்ளே அடைபட்ட வெற்றிடங்களை முதலில் எடுத்துவிடுங்கள், சுற்றுப்புறம் கெட்டியாக இருக்கும்போது. வெளிப்பக்கத்தைச் செதுக்கிவிட்டு உள்ளே போனால் மெல்லிய கோடு நடுங்கிப் பிய்ந்துவிடும். உளியை எப்போதும் எழுத்திலிருந்து வெளியே சரித்துப் பிடிக்க வேண்டும், கோட்டின் அடி மலையடிவாரம் போல அகன்று நிற்கும்படி. அடியைக் குடைந்துவிட்டால் நாலு அச்சில் கோடு மடங்கும். வளைவுகளில் உளியை நிறுத்தி வைத்துக்கொண்டு பலகையைத் திருப்புங்கள். ‘ழ’ ஒன்றுக்கே பலகை நான்கு பக்கமும் சுற்றி வரும். எனக்கு அந்த ஒரு எழுத்தைச் செதுக்கும் நேரம் போல வேறெதிலும் மனம் ஒன்றுவதில்லை.

புள்ளிகளைச் செதுக்கவே வேண்டாம். ‘வாழ்த்துகள்’ சொல்லில் மூன்று புள்ளி, மூன்றும் தனித்து நிற்கும் சின்னக் குமிழ். கழுவும்போது முதலில் பெயர்ந்து போவது அவைதான். ஓலையில் எழுதியவர்களும் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் எழுதினார்கள். நாம் விட வேண்டாம். குண்டூசியின் உருண்டைத் தலையை மையில் தொட்டு, அச்சின்மேல் ஒவ்வொன்றாக வைத்துவிடலாம்.

செண்பகம், நீங்கள் ‘க்’ இல்லாமல் எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். ‘வாழ்த்துக்கள்’ என்று ஒரு முறை செதுக்கி, 60 அட்டையில் அச்சும் போட்டுவிட்டு, என் தமிழாசிரியரிடம் முதல் அட்டையைக் கொடுத்தவன் நான். ரப்பரில் இடைவெளியை மூட முடியாது. முழுச் சொல்லையும் மறுபடி செதுக்கினேன்.

•

தாள்மடிப்பு எழுதியது:

அக்கா, 25 அட்டைக்கு ஏ4 தாள் 13 போதும். குறுக்கே பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் 105 × 148 மில்லிமீட்டர் அட்டை வரும். சி6 உறையில் சரியாக உட்காரும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) தாளாக இருந்தால் நிமிர்ந்து நிற்கும். மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதுகு வெடிக்கும். இழுத்த கோட்டின் மறுபுறம் எழும்பும் மேடு மடிப்புக்கு உட்புறம் இருக்கட்டும். பொசிஷனர் பற்றி அம்மா சொன்னது சரி, அவசரப்பட்டுவிட்டேன்.

•

செண்பகம் எழுதியது:

முதல் பலகை ‘ழ’வில் போயிற்று, சுழியை வெளியிலிருந்து தொடங்கிவிட்டார். இரண்டாவது பலகை நிற்கிறது. ‘த’வின் கால் கொஞ்சம் கோணல், அது அவர் கையெழுத்திலும் அப்படித்தான் இருக்கும்.

மேசையில் நுரைத்தாளுக்குப் பதில் தம் பழைய பதிவேடு ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டார். தட்டையாகத்தான் இருக்கிறது, நன்றாகவே பதிகிறது. இன்று மாலை வரை 17 அட்டைகள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு குண்டூசித் தலையால் புள்ளி வைக்கிறார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் கதவைச் சாத்தக் கூடாது. 75 புள்ளிகளில் இன்னும் 24 பாக்கி.